கெடாத மெஷினை ரிப்பேர் செய்தவன்

நம் மெக்கானிக் தொழிலில் இருக்கும் உங்களில் ஒருவர் போன மாதம் என்னைப் பார்க்க வந்திருந்தார். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் மற்றவர்கள் அவரைச் சும்மா விடமாட்டீர்கள். கையில் பளபளவென்று ஒரு கம்பெனிப் புத்தகம் வைத்திருந்தார். "ஐயா, ஹீட் பம்ப்புன்னு புதுசா ஒண்ணு வந்துக்குதுங்க. வெயில்ல குளிரு குடுக்குது, குளிர்ல சூடு குடுக்குது. நம்ம விழுப்புரத்துக்கு எதுக்குங்க சூடு?" என்று கேட்டுச் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். 'புதுசா' என்றாரே, அதற்காக. எண்பதுகளிலேயே திண்டிவனத்தில் ஒரு வீட்டில் அப்படி ஒரு மெஷின் இருந்தது. நன்றாக இருந்த அதைக் கெடுத்துவிட்டு, ரிப்பேர் செய்ததாகப் பெயரும் வாங்கியவன் நான்.

அன்று அவரிடம் பாதிதான் சொன்னேன். மீதியை உங்கள் எல்லோருக்குமாக எழுதிவிடுகிறேன்.

விழுப்புரத்தில் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் எங்கள் கடை இருந்தது. ஃபிரிட்ஜ், தண்ணீர் கூலர், ஊரில் விரல் விட்டு எண்ணக்கூடிய சில ஏ.சி.க்கள், இவ்வளவுதான் எங்கள் உலகம். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. நல்ல மெக்கானிக் என்று சொல்ல முடியாது, ஆனால் பெயர் பெற்ற மெக்கானிக். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அப்போது தெரியாது. காது கொடுத்து கம்ப்ரஸர் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லிவிடுவேன் என்று நானே நாலு பேரிடம் சொல்லி வைத்திருந்தேன்.

எங்கள் முதலாளிக்கு ஒரு வழக்கம் உண்டு. கழற்றிய பார்ட் எதுவாக இருந்தாலும், அது துருப்பிடித்த ஸ்க்ரூவாகவே இருந்தாலும், துடைத்துப் பேப்பரில் சுற்றி வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டுத்தான் படியிறங்க வேண்டும். "கெட்டுப்போனாலும் அது அவங்க ஊட்டுப் பொருளுடா" என்பார். வாங்கிக்கொள்கிறவர்கள் பலர் நாங்கள் தெருமுனை திரும்புவதற்குள் அதைக் குப்பையில் போட்டுவிடுவார்கள். நானும் அதைச் சொல்லிச் சொல்லி முதலாளியை முதுகுக்குப் பின்னால் கேலி செய்வேன்.

ஒரு சித்திரை மாதம், அக்கினி நட்சத்திரம் தொடங்கிய நேரம். திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி வைத்திருந்த ஆரோக்கியசாமி என்பவர் ஆள் அனுப்பினார். மயிலம் போகும் சாலையில் அவருடைய அக்காவின் வீடு. அக்காவை ஊரே 'மதாம்' என்றுதான் கூப்பிடும். அவர் கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் திரும்பும்போது கப்பலில் ஒரு ஜன்னல் ஏ.சி.யையும் கொண்டு வந்தார். வந்த இரண்டாம் வருடம் அவர் இறந்துபோனார். மதாம் பென்ஷன் காரியமாகப் பிரான்ஸ் போயிருந்தார். வீட்டைப் பார்த்துக்கொண்ட தம்பி, மதிய வெயிலுக்கு அந்த அறையில் படுக்கலாம் என்று ஏ.சி.யைப் போட்டிருக்கிறார். அனல் காற்று வந்திருக்கிறது.

"குளிரு பொட்டின்னு நெனச்சிக்கினு போட்டேம்பா. மல்லாட்டை வறுக்கற சட்டியாட்டம் அடிக்குது" என்றார்.

நான் போய்க் கையை வைத்துப் பார்த்தேன். உள்ளே சூடு, வீட்டுக்கு வெளியே குளிர். எல்லாம் தலைகீழாக இருந்தது. முகப்பில் ஒரு சின்ன நெம்புகோல், அதன் இரு பக்கமும் பிரெஞ்சில் ஏதோ எழுத்து. அதைத் தள்ளிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தூசு தட்டும்போது யாரோ அதை அந்தப் பக்கம் தள்ளியிருக்கிறார்கள், நடந்தது அவ்வளவுதான். விரலால் இந்தப் பக்கம் தள்ளியிருந்தால் வேலை முடிந்திருக்கும். ஆனால் அதற்கா விழுப்புரத்திலிருந்து இந்த ஏழுமலை வருவான்? மெஷினை இறக்கி முற்றத்தில் வைத்துப் பிரித்தேன்.

உள்ளே கம்ப்ரஸர் பக்கத்தில் பித்தளையில் ஓர் உருளை. மேலே ஒரு குழாய், கீழே மூன்று குழாய். நான் பார்த்த எந்த ஏ.சி.யிலும் அப்படி ஒரு சாமான் கிடையாது. எனக்குத் தெரியாத பொருள் என்றால் அது தேவையில்லாத பொருள் என்பது அந்த வயதில் என் கொள்கை. வெளிநாட்டுக்காரன் குழாயை மாற்றி வைத்துவிட்டான் என்று முடிவு செய்தேன். உருளையை அறுத்து எடுத்துவிட்டு, எனக்குத் தெரிந்த ஏ.சி. எப்படி இருக்குமோ அப்படிக் குழாய்களை நேராக இணைத்து, பற்றவைத்து, கேஸ் நிரப்பினேன். சாயங்காலம் அறை ஜில்லென்று ஆனது. ஆரோக்கியசாமி சட்டையைக் கழற்றிவிட்டு நடு அறையில் நின்றார். "வெள்ளைக்காரன் பண்ண தப்பயே திருத்திட்டியேப்பா" என்றார். சோடாவும் மிக்சரும் வந்தன.

அந்த உருளையைப் பேப்பரில் சுற்றி அவர் கையில் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. வீட்டுக்கார அம்மா ஊரில் இல்லையே என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மைக் காரணம், அதை நாலு பேருக்குக் காட்ட வேண்டும். விழுப்புரம் கடையில் என் மேஜைமேல் வைத்தேன். ஃபேன் காற்றில் சீட்டுகள் பறக்காமல் இருக்க நல்ல கனமாக இருந்தது. வருகிற மெக்கானிக்குகள், கஸ்டமர்கள் எல்லோரிடமும் அதை எடுத்துக் கையில் கொடுத்து, பிரெஞ்சுக்காரனுடைய தப்பை நான் கண்டுபிடித்த கதையைச் சொல்வேன். ஒவ்வொரு முறையும் கதையில் என் புத்திசாலித்தனம் கொஞ்சம் கூடும். எங்கே கிடைத்தது என்று முதலாளி கேட்டபோது மட்டும், பழைய இரும்புக் கடையில் வாங்கியது என்று சொல்லிவிட்டேன். தப்பு என்று உள்ளுக்குள் தெரியாதவன் எதற்குப் பொய் சொல்கிறான் என்று நீங்கள் கேட்கலாம். நானும் பிற்பாடு அதைத்தான் கேட்டுக்கொண்டேன்.

மார்கழி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். புயல் ஒன்று கடலிலேயே நின்றுகொண்டு மூன்று நாளாக மழையும் ஊதல் காற்றுமாக அனுப்பிக்கொண்டிருந்தது. காலையிலேயே ஆரோக்கியசாமியின் லாரி எங்கள் கடை வாசலில் வந்து நின்றது. பிரான்ஸிலிருந்து திரும்பிவிட்ட மதாம் கையோடு கூட்டிவரச் சொன்னாராம், ஏ.சி. வேலை செய்யவில்லையாம். அந்தக் குளிரில் ஏ.சி. எதற்கு என்று டிரைவரிடம் கேட்டுச் சிரித்துக்கொண்டே ஏறினேன். திண்டிவனம் வரைக்கும் சிரித்தேன்.

வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. மதாமின் மகள் மார்த்தாவுக்கு மாதம் நிறையும் முன்பே பெண் குழந்தை பிறந்திருந்தது. ஆஸ்பத்திரியில் வைத்திருந்து முந்தின நாள்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். ஒரு கையளவுதான் இருந்தது குழந்தை. துணிக்குள் இருந்து மூக்கு மட்டும் தெரிந்தது. தாயின் நெஞ்சோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்தார்கள். அறை சூடாக இருக்க வேண்டும், குழந்தையின் உடம்பு சில்லிட்டால் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் ஏற்பாடு இருக்கிறது என்று மதாம் தைரியமாகச் சொல்லி அழைத்து வந்திருந்தார். வந்து நெம்புகோலைத் தள்ளினால், மெஷின் குளிரைத்தான் ஊதியது.

உங்களுக்கும் எனக்கும் அந்தக் குளிர் ஒரு சால்வைக் குளிர். அந்தக் குழந்தைக்கு அப்படி இல்லை. இரவெல்லாம் பாடுபட்டிருக்கிறார்கள். யாரோ இரும்புச் சட்டியில் தணல் போட்டுக் கொண்டு வந்து வைக்க, புகை அடைத்த அறையில் பிள்ளை மூச்சுமுட்டிச் செத்துவிடும் என்று மதாம் அதைத் தூக்கி மழையில் வீசியிருக்கிறார். கம்பி ஹீட்டர் ஒன்றை இரவல் வாங்கிப் போட்டிருக்கிறார்கள். அது வீட்டு மின்சாரம் முழுவதையும் தனக்கே கேட்டிருக்கிறது. இரண்டு முறை ஃப்யூஸ் போய், விளக்கும் அணைந்ததுதான் மிச்சம்.

நான் செய்தது என்ன என்று அந்த அறை வாசலில் நின்றபோதே எனக்குப் புரிந்துவிட்டது. நான் அறுத்து எடுத்த உருளைதான் குளிரைச் சூடாகத் திருப்பிவிடும் வால்வு. ஆனாலும் வாய் தன் வேலையைத் தொடங்கியது. மெஷினுக்கு வயதாகிவிட்டது, கேஸ் குறைந்திருக்கும், பார்ட் மெட்ராஸிலிருந்துதான் வர வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போனேன். ஆரோக்கியசாமி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். அவரும் சேர்ந்துதானே சோடா குடித்தார்.

மதாம் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு அலமாரியிலிருந்து மெஷினோடு வந்த பிரெஞ்சுப் புத்தகத்தை எடுத்து, ஒரு பக்கத்தைப் பிரித்து என் முன்னால் வைத்தார். படத்தில் அதே உருளை. மேலே ஒரு குழாய், கீழே மூன்று.

"தம்பி, இது எங்க?" என்றார்.

"கடையில கீதுங்கம்மா."

"கடையில என்னா பண்ணுது?"

"பேப்பரு பறக்காம வெச்சிக்கினுகிறேங்க."

என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. அவர் கத்தியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். "வேற என்னா வேணும், எடுத்துக்கினு ஜல்தியா வா" என்று மட்டும் சொன்னார். அதே லாரி என்னை விழுப்புரம் கொண்டுபோனது.

முதலாளியிடம் முழுவதையும் சொன்னேன். அவர் மேஜையிலிருந்து வால்வைக் கையில் எடுத்து, அடியில் இருந்த சீட்டுகள் பறப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "பழைய இரும்புக் கடையில நல்ல சரக்குதான் கெடைக்குது" என்றார். அதோடு விட்டார். சட்டையை மாட்டிக்கொண்டு, கேஸ் சிலிண்டரை அவரே ஒரு பக்கம் பிடித்து லாரியில் ஏற்றி, என்னோடு வந்தார்.

வழியெல்லாம் எனக்கு ஒரே எண்ணம். வால்வை இருந்த இடத்தில், இருந்தபடியே வைத்துவிட வேண்டும். நான் அதைத் தொடவே இல்லை என்பதுபோல ஆக்கிவிட வேண்டும். ஆனால் ஏழெட்டு மாதம் வாய் திறந்தபடி மேஜைமேல் கிடந்த வால்வு அது. உள்ளே தூசு, களிம்பு, ஈரம். முற்றத்தில் கீற்று மறைப்புக்கு அடியில் உட்கார்ந்து, மின்சாரம் கொடுத்துப் பார்த்தோம். உள்ளே டக்கென்று நகர வேண்டியது ஒரு முறை நகர்ந்தது, மறு முறை நகரவில்லை. கழுவினேன், தட்டினேன், ஊதினேன். சாமியிடம் வேண்டினேன். மணி இரண்டாகிவிட்டது. முதலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மதாம் வெளியே வந்து பார்த்தார். இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டார். இதைச் சரிசெய்துவிட்டால் முன்னே போலவே குளிரும் வரும், சூடும் வரும் என்று பெருமையாகச் சொன்னேன்.

"குளிர யாரு இப்ப கேட்டா? புள்ளைக்கு சூடு போதும். வெயில் வர இன்னும் மூணு மாசம் கீது" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் காலையிலிருந்து அந்த மெஷினை ரிப்பேர் செய்யவில்லை, என் பெயரை ரிப்பேர் செய்துகொண்டிருந்தேன். வால்வு எதற்கு? சித்திரையில் வால்வே இல்லாமல் குழாயை நேராக இணைத்து எப்போதும் குளிர் வரும்படி செய்தேன் அல்லவா? அந்த இரண்டு குழாய்களையும் இடம் மாற்றி இணைத்தால் எப்போதும் சூடு வரும். வெயிலுக்குச் செய்த முட்டாள்தனத்தைக் குளிருக்குத் திருப்பிச் செய்தால் போதும். முதலாளியிடம் சொன்னேன். "இதுக்குத்தான் உக்காந்துக்கினுகிறேன்" என்றார். அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. நானே வந்து சேரட்டும் என்று காத்திருந்தாரா, சோதித்தாரா என்று கேட்டால், குளிரில் கை விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன் என்று பிற்பாடு சொல்லிச் சிரிப்பார்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன்பே மெஷின் ஜன்னலில் ஏறிவிட்டது. ஸ்டெபிலைசர் முள் நிமிர, சுவிட்சைப் போட்டேன். ஆரோக்கியசாமி குடை பிடித்துக்கொண்டு தெருப்பக்கம் ஓடிப் போய் மெஷினின் முதுகில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "போச்சுப்பா, ஜில்லுன்னு வருது" என்று அலறினார். முதலாளி அவரைத் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து, முன்பக்கம் நிறுத்தினார். வெதுவெதுப்பான காற்று அவர் முகத்தில் பட்டது. அவர் வாயைத் திறந்தபடி நின்றார். சட்டையை மட்டும் கழற்றவில்லை.

அரை மணி நேரத்தில் அறையின் ஈரவாடை போய்விட்டது. புகை இல்லை, ஃப்யூஸ் போகவில்லை, விளக்கு மங்கவும் இல்லை. மார்த்தா குழந்தையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அம்மா, காலு சூடாயிட்ச்சி" என்றாள். நான் வாசலுக்குப் போய், மழையைப் பார்ப்பதுபோல நின்று அழுதேன்.

கம்பி ஹீட்டரால் முடியாதது இதனால் எப்படி முடிந்தது என்று அன்று எனக்கும் விளங்கவில்லை. முதலாளிதான் லாரியில் திரும்பும்போது விளக்கினார். எங்கள் குடும்பம் விவசாயக் குடும்பம், எங்கள் நிலத்தில் பம்புசெட்டு இருந்தது. பம்பு தண்ணீரை உண்டாக்குகிறதா என்று கேட்டார். இல்லை, கிணற்றில் இருப்பதை மேலே ஏற்றுகிறது. இந்த மெஷினும் அப்படித்தான். கம்பி ஹீட்டர் மின்சாரத்தை எரித்துச் சூட்டை உண்டாக்க வேண்டும். இது வெளிக் காற்றில் ஏற்கெனவே இருக்கும் சூட்டை எடுத்து வந்து உள்ளே ஊற்றுகிறது. எடுத்து வரும் கூலிதான் மின்சாரம். அதனால்தான் வாங்குகிற மின்சாரத்தைப் போலப் பல பங்கு சூட்டைக் கொடுக்க முடிகிறது. நம் ஊர்க் குளிர் என்பது தண்ணீர் மேலேயே நிற்கும் கிணறு. கொஞ்சம் இறைத்தால் போதும். பனி உறையும் ஊரில் கிணறு ஆழம், பம்பு திணறும். இங்கே மெஷினின் முதுகில் பனிக்கட்டி கூடக் கட்டாது.

ஆகவே விழுப்புரத்துக்கு எதற்குச் சூடு என்று கேட்ட நண்பரே, விழுப்புரத்துக்குத்தான் அது சுலபம். வருடத்தில் பத்து மாதம் குளிருக்கு, மழைநாளில் சூட்டுக்கு, இரண்டுக்கும் ஒரே பெட்டி. உங்கள் கம்பெனிப் புத்தகத்தில் நாற்பது பக்கத்தில் எழுதியிருப்பதும் இதுதான்.

மறுவாரம் நலம் விசாரிக்கப் போனேன். குழந்தை பால் குடித்துவிட்டுத் தூங்கியது. மதாம் எனக்குக் காப்பி கொடுத்துவிட்டு, அந்த வால்வை எத்தனை பேருக்குக் காட்டினேன் என்று கேட்டார். எண்ணிப் பார்த்தேன், பதினான்கு பேர். பெயர்களைச் சொல்லச் சொல்லி, பிரெஞ்சுப் புத்தகத்தின் பின்னட்டையில் வரிசையாகத் தமிழில் எழுதினார்.

"நாங்க செஞ்ச பாவத்தச் சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்ணா சாமியாரு அபராதம் குடுப்பாரு. ஒனக்கு நான் குடுக்கறேன். பதினாலு பேருகிட்டயும் போய் மிச்சக் கதையயும் சொல்லிட்டு வா" என்றார்.

முதல் ஆளிடம் சுற்றி வளைத்துத்தான் சொன்னேன். மூன்றாவது ஆளுக்குள் பழகிவிட்டது. ஆறாவது ஆள் பொம்மையார்பாளையத்தில் கடற்கரை விடுதிகளுக்கு வேலை செய்யும் மெக்கானிக். நான் சொல்லி முடித்ததும் அவர் முகம் மாறியது. என் கதையைக் கேட்டுவிட்டுப் போய், அங்கே ஒரு விடுதியில் இரண்டு மெஷின்களில் அதே வால்வை அவரும் அறுத்து எறிந்திருக்கிறார். ஒன்றைத் தேடி எடுத்தோம். மற்றது பழைய இரும்புக் கடைக்கே போய்விட்டிருந்தது. நான் ஒரு மெஷினைத்தான் கெடுத்தேன் என்று நினைத்திருந்தேன். என் பெருமை எனக்கு முன்னால் பஸ் ஏறிப் போய் வேலை பார்த்திருக்கிறது.

பங்குனியில் புது வால்வு ஒன்றை வரவழைத்துப் பொருத்தினோம். பழையதைத் துடைத்துப் பேப்பரில் சுற்றி, மதாம் கையில் கொடுத்தேன். அவர் அதைக் குப்பையில் போடவில்லை. அந்தப் பிரெஞ்சுப் புத்தகத்தின்மேல் வைத்தார். ஒவ்வொருவரிடமும் சொல்லிவிட்டு வரும்போது, அந்தப் பெயருக்கு நேரே ஒரு சிலுவை போடுவார். பதின்மூன்று சிலுவை ஆயிற்று. பதினான்காவது ஆள் ஒரு வழிப்போக்கர். ஃபிரிட்ஜுக்கு ஒரு பல்பு வாங்க வந்தவர், ரயிலுக்கு நேரம் இருந்ததால் என் கதையைக் கேட்டவர். பெயர் தெரியாது, ஊர் தெரியாது. 'ரயிலுக்குப் போனவர்' என்றுதான் மதாம் எழுதியிருந்தார். அவர் எங்கே இருக்கிறாரோ, இன்னமும் பிரெஞ்சுக்காரன் தப்பு செய்தான் என்றுதான் நம்பிக்கொண்டிருப்பார்.

மதாம் இறந்து பல வருடம் ஆகிறது. துக்கத்துக்குப் போனபோது மார்த்தா அந்தப் புத்தகத்தையும் வால்வையும் சேர்த்துப் பேப்பரில் சுற்றி என்னிடம் கொடுத்தாள். பக்கத்தில் நெடுநெடுவென்று நின்றிருந்த அவள் மகளுக்கு நான் யார் என்று தெரியவில்லை. "இவருதான் நம்ம ஏ.சி. மெக்கானிக்கு" என்று மட்டும் மார்த்தா சொன்னாள். அந்தப் பெண் கை கூப்பினாள். அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, உங்களிடம் சொல்லிவிட்டேன்.

புத்தகத்தின் பின்னட்டை இப்போது என் முன்னால் விரிந்திருக்கிறது. கடைசிப் பெயருக்கு நேரே இடம் இன்னும் காலியாக இருக்கிறது. அந்த ஆள் கிடைக்கப் போவதில்லை. அவருக்குப் பதிலாக உங்களைச் சேர்த்துக்கொண்டு, அந்தச் சிலுவையை நானே போட்டுக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன். மதாம் இருந்திருந்தால், எல்லோரும் கடைசி வரை படித்தார்களா என்று முதலில் கேட்டிருப்பார்.